பிள்ளை போதையில் சிக்கினால் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது ஒரு மூட்டை துவரம் பருப்பு குறைந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. சிட்டையைப் புரட்டுகிறோம், லோடுமேனைக் கேட்கிறோம், தராசைச் சரி பார்க்கிறோம். குறை எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை நமக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் வீட்டில் வளர்ந்த பிள்ளை நாளுக்கு நாள் கரைந்துகொண்டு வரும்போது மட்டும், 'வயசுக் கோளாறு, சரியாகிவிடும்' என்று பேரேட்டை மூடி வைத்துவிடுகிறோம். வெளியே தெரிந்தால் கடைப் பெயர் கெட்டுவிடுமே என்ற அச்சம்தான் அதற்குக் காரணம்.

பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் ஒருநாள் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணாச்சி, பையன் மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கிறான். மூணு வருசமா நடக்குது. யார்கிட்டப் போறதுன்னுகூட எனக்குத் தெரியல" என்றார். முப்பது ஆண்டுகளாக வரவு செலவில் ஒரு பைசா தவறாதவர் அவர். அன்று அவர் கை நடுங்கியதை நாம் பார்த்தோம்.

அவர் பட்ட பாட்டை மற்றவர் படக் கூடாது என்று, பெயரும் ஊரும் சொல்லாமல் எழுத அவரே சம்மதித்தார். அவர் அனுபவத்தோடு, மருத்துவமும் சட்டமும் சொல்வதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இது நோயா, ஒழுக்கக் கேடா?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவை தொட்டது அவன் செய்த தவறாக இருக்கலாம். ஆனால் தொடர்ந்து பயன்படுத்தும்போது மூளையின் செயல்பாடே மாறிவிடுகிறது. பசி, தூக்கம், தாய் தகப்பன் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பொருள் வந்து நிற்கிறது. நிறுத்தினால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வாந்தி, பேதி ஆகும், தூக்கம் வராது. அந்த உபாதைக்குப் பயந்தே மறுபடியும் எடுக்கிறான். சர்க்கரை நோயைப் போலவும் இரத்தக் கொதிப்பைப் போலவும் நீண்ட நாள் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய் என்றே மருத்துவ உலகம் இதை வகைப்படுத்தியிருக்கிறது.

இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த கேடு அல்ல. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-ல் வெளியானது. ஹெராயின், அபின், வலி மாத்திரை போன்ற அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நாட்டில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் என்றும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். அதாவது சரக்கு தேவைப்படுவோர் ஏராளம், கடைக்கு வந்து கேட்போர் மிகச் சிலர் என்ற நிலை. கேட்காமல் இருப்பதற்கு வெட்கம் ஒரு பெரிய காரணம்.

மகளுக்கும் இது வரலாம். பெண் பிள்ளை என்றால் குடும்பம் இன்னும் ஆழமாக மறைக்கிறது. சிகிச்சை இன்னும் தாமதமாகிறது. கீழே சொல்வன எல்லாம் இருவருக்கும் பொருந்தும்.

கடையில் தெரியும் அறிகுறிகள்

வியாபாரக் குடும்பத்தில் முதல் அறிகுறி பெரும்பாலும் கல்லாவில்தான் தெரியும். நம் உறுப்பினர் வீட்டில் முதலில் குறைந்தது நாலாயிரம் ரூபாய். லைன் வசூலுக்குப் போன மகன், 'அந்தக் கடைக்காரர் அடுத்த வாரம் தருகிறேன் என்றார்' என்று சொன்னான். மூன்று மாதம் கழித்து அந்தக் கடைக்காரரே ரசீதைக் காட்டினார். பணம் அன்றைக்கே கொடுக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு குடோனில் மூட்டை குறைந்தது. பிறகு கடைப் பெயரைச் சொல்லி வெளியே கைமாற்று வாங்கியது தெரிந்தது.

அடிக்கடி கழிவறையில் நெடுநேரம் இருப்பது, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, கைப்பேசி வந்ததும் கடையைப் போட்டுவிட்டு ஓடுவது, உடம்பு இளைப்பது, உட்கார்ந்தபடியே தலை சாய்வது, பழைய நண்பர்கள் போய்ப் புதிய கூட்டம் சேர்வது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் நாலைந்து சேர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது.

நாம் செய்யும் தவறுகள்

நம் உறுப்பினர் மூன்று தவணையாக மூன்றரை லட்சம் ரூபாய் கடன் அடைத்தார். ஒவ்வொரு தடவையும் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் பையன் மனமாரத்தான் சத்தியம் செய்தான். நோயைச் சத்தியம் நிறுத்தாது. "நான் அடைச்ச ஒவ்வொரு கடனும் அடுத்த மாத்திரைக்கு நானே கொடுத்த முன்பணமாப் போச்சு" என்று பிறகு அவரே சொன்னார்.

இரண்டாவது தவறு, கல்யாணம். 'கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்' என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அவர் வீட்டிலும் பெண் பார்க்கப் புறப்பட்டார்கள். நல்ல வேளையாக அவர் துணைவியார், "ஊரான் வீட்டுப் பெண்ணை இதில் கொண்டுவந்து தள்ள மாட்டேன்" என்று தடுத்துவிட்டார். கல்யாணம் மருந்தல்ல. நோயை மறைத்துச் செய்தால் அது இன்னொரு குடும்பத்துக்கு நாம் செய்யும் வஞ்சனை.

மூன்றாவது, 'நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரங்களை நம்புவது. குடிப்பழக்கத்துக்கு டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. சாம்பாரில் கலந்து ஊற்றுவது கொலைக்குச் சமமான விளையாட்டு. இன்னதென்று தெரியாத பொடிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான்காவது, அறையில் பூட்டி வைத்துத் தாமே நிறுத்தப் பார்ப்பது. நாள்தோறும் அதிகம் குடித்தவர், தூக்க மாத்திரை வகைகளை நெடுநாள் எடுத்தவர் ஆகியோர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். குடியை நிறுத்தியவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் நடுக்கமும் கண்டு உயிர்கூடப் போகலாம். ஆகவே நிறுத்துவதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

வளர்ந்த பிள்ளையை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதினெட்டு வயது நிறைந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்க முடியாது. ஆனால் அவனாக வரட்டும் என்று காத்திருப்பதும் சரியல்ல. 'அடிமட்டத்துக்குப் போனால்தான் திருந்துவான்' என்ற சொல்லை நம்பி விட்டுவிட்டால், சிலர் அந்த அடிமட்டத்திலிருந்து உயிரோடு திரும்புவதில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியல் அறிஞர், நோயாளி வர மறுக்கும்போது குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுக்கும் முறை ஒன்றை வகுத்தார். 1999-ல் வெளியான ஆய்வில், குடிநோயாளிகளின் குடும்பத்தார் இந்தப் பயிற்சி பெற்றபோது 64 சதவீதம் பேர் தம் வீட்டு நோயாளியைச் சிகிச்சைக்கு வரவழைத்தனர். எல்லோரும் கூடி உட்கார்ந்து நோயாளியை நேருக்கு நேர் நெருக்கும் முறையில் 30 சதவீதம்தான் வந்தனர். இதன் சாரம் எளிது. தெளிவாக இருக்கும்போது அன்பாகப் பேசு, கூடச் சாப்பிடு, கூட வெளியே போ; போதையில் இருக்கும்போது வாதம் செய்யாமல் விலகிக்கொள்; போதையால் வரும் விளைவுகளை நீ சுமக்காதே; சிகிச்சைக்கு மனம் இளகும் நேரத்தைப் பார்த்திரு.

நம் உறுப்பினர் இதைச் செய்த விதம் இது. ஒரு மனநல மருத்துவரை முதலில் அவரும் துணைவியாரும் மட்டும் போய்ப் பார்த்தார்கள். நோயாளி வராவிட்டாலும் பெற்றோர் போய் ஆலோசனை பெறலாம் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. மருத்துவர் சொன்னபடி, ஒரு காலை நேரம், பையன் தெளிவாக இருந்தபோது, கடைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பேசினார். "தம்பி, உன்னைத் திட்ட வரல. உனக்கு வந்திருக்கிறது நோய். வைத்தியச் செலவு எவ்வளவானாலும் நான் பார்த்துக்கிறேன். ஆனா இனிமே கடன் அடைக்க ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். கல்லாவிலும் வசூலிலும் நீ கை வைக்க வேண்டாம். நாளைக்கே போகணும்னாலும் நான் கூட வர்றேன்" என்றார். அன்று பையன் கத்திவிட்டு வெளியே போனான். பதினெட்டு நாள் கழித்து ஒரு நடுராத்திரியில், "அப்பா, போகலாமா?" என்று கேட்டான். விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். முன்பே விசாரித்து வைத்திருந்ததால் அன்றைக்கே சேர்க்க முடிந்தது. இந்த ஏற்பாடு முக்கியம். சம்மதம் வருவது அரிது. வந்தால் அது ஒருநாள்கூட நிற்காது. எங்கே போவது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

எங்கே போவது?

முதல் படி, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. செலவு அநேகமாக இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. தமிழக அரசு 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் திறந்தது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.ரங்கநாதன் ஆய்வு மையத்தின் மருத்துவமனை உண்டு. குடிநோயால் கணவரை இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது அது; 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் வகுப்பு நடத்துவது அங்கே தொடக்கம் முதல் வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது.

யாரிடமும் முகம் காட்டத் தயங்குபவர்கள் தொலைபேசியில் தொடங்கலாம். போதை தொடர்பாக மத்திய அரசின் இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் சேவையின் எண் 14416. தமிழில் பேசலாம்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம்

இந்த இடத்தில்தான் நம் உறுப்பினர் பெரிய அடி பட்டார். முதல் தடவை யாரோ சொன்னார்கள் என்று ஒரு மையத்துக்குப் போன் செய்தார். இரவில் வேன் வந்தது. நாலு பேர் பையனைத் தூக்கத்திலேயே அமுக்கிக் கொண்டுபோனார்கள். நாற்பது நாள் பார்க்க விடவில்லை. மாதம் இருபதாயிரம் வாங்கினார்கள், ரசீது இல்லை. வெளியே வந்த பையனின் முதுகில் தழும்பு இருந்தது. ஒரு வாரத்தில் மறுபடியும் ஊசி எடுத்தான். "அப்பா என்னை ஆள் வைத்து அடித்தார்" என்ற மனக்காயம் ஆறவே ஒரு வருடம் ஆனது.

சரக்கு வாங்குமுன் மாதிரி பார்க்காமல் நாம் பணம் கட்டுவதில்லை. இங்கும் அப்படியே. நேரில் போய்க் கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும்.

1. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையமா? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு கட்டாயம். சான்றிதழைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

2. மனநல மருத்துவர் யார்? எந்தெந்த நாளில் வருகிறார்? இரவில் செவிலியர் இருக்கிறாரா? 'இங்கிருந்து குணமானவர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்ற பதில் போதாது.

3. முதல் சில நாள் உபாதைக்கு என்ன மருந்து? வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்?

4. குடும்பத்தார் எப்போது பார்க்கலாம், பேசலாம்? அறவே விடமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.

5. கட்டணம் எழுத்தில் உண்டா? ரசீது உண்டா?

6. அடி, சங்கிலி உண்டா? மேற்படி சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. சமையலறையையும் கழிவறையையும் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

7. வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள்?

'பத்து நாளில் நூறு சதவீதம் குணம், உத்தரவாதம்' என்று சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை முன்கூட்டிப் படிக்க வேண்டும். போதைப் பழக்கச் சிகிச்சையை விலக்கி வைக்கும் பிரிவு பல பாலிசிகளில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

போதை, மது ஆகியவற்றால் வரும் மனநிலைப் பாதிப்பையும் 2017-ம் ஆண்டுச் சட்டம் மனநோயில் சேர்த்திருக்கிறது. அதன்படி, விரும்பிச் சேரும் வயது வந்தவர் விரும்பும்போது வெளியேறலாம். அவசியமானால் மட்டும் 24 மணி நேரம் மருத்துவர் நிறுத்தி வைக்கலாம். தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை போன்ற கடுமையான கட்டத்தில், குடும்பத்தாரில் உரிய பிரதிநிதி விண்ணப்பித்தால், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, 30 நாள்வரை சேர்த்துச் சிகிச்சை தரச் சட்டத்தின் 89-வது பிரிவு இடம் கொடுக்கிறது. இதுதான் நேர்வழி. இரவு வேன் நேர்வழியல்ல.

'ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமோ' என்று அஞ்சுவோர் பலர். போதைப் பொருள் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. அதன் 27-வது பிரிவின்படி பயன்படுத்துவதே குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு தொடர்பாகவோ குற்றம் சாட்டப்பட்ட நோயாளி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். விற்பனையில் ஈடுபட்டவருக்கு இது பொருந்தாது. வழக்கு ஏதும் இருந்தால் உடனே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையில் என்ன நடக்கும்?

முதல் கட்டம், உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறும் நாட்கள். அநேகமாக ஒன்று முதல் இரண்டு வாரம். உபாதையைக் குறைக்க மருந்து தருவார்கள். இது முடிந்ததும் முகம் தெளியும், பசி எடுக்கும். 'சரியாகிவிட்டது' என்று அழைத்துவந்துவிடுகிறோம். இது பெரிய பிழை. இது அஸ்திவாரம், கட்டிடம் இனிமேல்தான். சிகிச்சை 90 நாளுக்குக் குறைந்தால் பலன் குறைவு என்பது அமெரிக்க தேசியப் போதை ஆய்வு நிறுவனத்தின் முடிவு.

அபின் வகைப் பொருள்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரநார்ஃபின் மாத்திரையை மருத்துவர் பல மாதம், சிலருக்குப் பல வருடம் தொடரச் சொல்லலாம். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று நம் உறுப்பினரும் கேட்டார். அளவாக, கண்காணிப்பில் தரும் இந்த மருந்து ஏக்கத்தை அடக்கி, ஊசியிலிருந்து விலக்கி, வேலைக்குப் போகும் நிலைக்கு ஆளைக் கொண்டுவருகிறது. மிகை அளவால் வரும் மரணத்தையும் இது குறைக்கிறது. நாமாக நிறுத்தக் கூடாது. கஞ்சாவுக்கு இப்படித் தனி மருந்து இல்லை, ஆலோசனைதான் முக்கியம். ஆனால் கஞ்சாவால் காதில் குரல் கேட்பது, எல்லோரையும் சந்தேகப்படுவது போன்றவை தொடங்கினால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

ஊசி எடுத்தவர்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகிய பரிசோதனைகள் அவசியம். அரசு மருத்துவமனைகளில் செய்யலாம். இருந்தாலும் மருந்து உண்டு. பயந்து விட்டுவிட வேண்டாம்.

உயிர் காக்கும் செய்தி ஒன்று

சிகிச்சை முடிந்து வந்தவருக்கு, பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் இருக்காது. ஒருநாள் சறுக்கிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். திரும்பி வந்த முதல் வாரங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். இதைப் பிள்ளையிடமும் வெளிப்படையாகச் சொல்லிவைக்க வேண்டும்.

எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகிக் கிடந்தால் 'தூங்கட்டும்' என்று விடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்னது எடுத்திருக்கிறான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அபின் வகை என்றால் அதை முறிக்கும் நலாக்ஸோன் என்ற ஊசி மருந்து உண்டு. மானம் பார்த்துத் தாமதித்தால் பிள்ளை போய்விடும்.

திரும்பி வந்தபின் கடையில் என்ன வேலை?

சும்மா உட்காரவைப்பது கெடுதல். கல்லாவில் உட்காரவைப்பதும் கெடுதல். நம் உறுப்பினர் மகனைக் குடோன் இருப்பிலும் எடை போடுவதிலும் வைத்தார். காலை எட்டு முதல் மாலை ஆறு, கண்டிப்பான நேரம். லைன் வசூல் கிடையாது. சம்பளம் பையனின் தாயார் கைக்கு; அவன் கேட்டதை வாங்கிக் கொடுப்பார். கணக்கில் கையெழுத்து போடும் அதிகாரத்தை வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தினார். சரக்கு தருவோரிடமும், "என் கையெழுத்து இல்லாமல் கடை பேரில் யாருக்கும் சரக்கோ பணமோ தர வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கட்டுப்பாடுகளை மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி, நம்பிக்கைக்குத் தக்கபடி தளர்த்தினார். பழைய கைப்பேசி எண்ணைப் பையனே மாற்றிக்கொண்டான்.

ஐந்தாம் மாதம் பையன் மறுபடியும் சறுக்கினான். வீடே இடிந்து போனது. 'இவ்வளவு செலவும் வீண்' என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு கட்டத்தில் சறுக்குகிறார்கள் என்றும், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளிடமும் இதே அளவு காணப்படுகிறது என்றும் மேற்சொன்ன அமெரிக்க நிறுவனம் சொல்கிறது. சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுகிறோமே தவிர, நோயாளியை வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. மூன்றாம் நாளே அவர் மகனை மருத்துவரிடம் அழைத்துப் போனார். இந்த முறை பையன் தானாகவே வந்து, "சறுக்கிட்டேன்ப்பா" என்று சொன்னான். ஒளிக்காமல் சொன்னதே பெரிய முன்னேற்றம் என்றார் மருத்துவர்.

பெற்றோர் தம்மைப் பார்த்துக்கொள்வது

மூன்று வருடத்தில் நம் உறுப்பினருக்குச் சர்க்கரை வந்தது. துணைவியார் இரவில் வாசல் பார்த்தே தூக்கத்தை இழந்தார். மூத்த மகள், "நான் நல்லா இருக்கிறதனாலதான் என்னை யாரும் கேட்கறதில்ல" என்று ஒருநாள் அழுதாள். நோயாளி ஒருவர், நோய் மொத்தக் குடும்பத்துக்கும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற அமைப்பின் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. மருத்துவமனைகள் நடத்தும் குடும்ப வகுப்புகளுக்கும் போகலாம். தம்மைப் போல் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாக அந்த அம்மையார் சொன்னார்.

வீட்டில் கைநீட்டினாலோ, கத்தியைத் தூக்கினாலோ பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெளியேறிப் பாதுகாப்பாக இருந்துகொண்டு உதவிக்கு அழைக்க வேண்டும். அன்பு வேறு, அடி வாங்குவது வேறு.

நம் கடமை

வணிகர்களாகிய நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் கடை வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். தடை செய்யப்பட்ட பாக்குப் பொட்டலத்தை ஒரு ரூபாய் லாபத்துக்காக மறைத்து விற்றால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் படியை நாமே போட்டுக் கொடுக்கிறோம். அந்தப் படியில் நாளை நம் பிள்ளையும் ஏறலாம்.

சங்க உறுப்பினர் ஒருவர் வீட்டில் இப்படி நேர்ந்தது காதுக்கு வந்தால், அதைக் கடை கடையாகக் கொண்டுபோக வேண்டாம். முடிந்தால் ஒருநாள் அவர் கடைக்குக் கூடமாட இருந்து, அவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடுங்கள். நம் உறுப்பினருக்குப் பக்கத்துக் கடைக்காரர், அதுவும் தொழிலில் போட்டிக்காரர், ஆறு வாரம் சனிக்கிழமைதோறும் கடையைப் பார்த்துக்கொண்டார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பையன் தெளிவாக இருந்து இப்போது ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறான். மருந்து தொடர்கிறது. சென்ற மாதம் தகப்பனார் முதல் தடவையாக ஒரு சின்ன லைனுக்கு அவனை வசூலுக்கு அனுப்பினார். மாலையில் வந்து பணத்தையும் ரசீதுக் கட்டையும் மேசையில் வைத்தான். அவர் எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. "முழுசா முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, அன்றாடக் கணக்குத்தான். இன்னைக்கு வரைக்கும் சரி" என்றார் அவர்.

இதைப் படிக்கும் அன்பர்களில் யாருக்கேனும் இந்தக் கவலை இருந்தால், நாளைக் காலை கடை திறக்குமுன் அரசு மருத்துவமனைக்கோ 14446-க்கோ பேசிவிடுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.